ஈபிக்கு சரக்கு குடுக்கணும்ணே, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணே வணக்கம், பட்டுக்கோட்டைப் பக்கம் வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். ஒரு லேத்து, ரெண்டு வெல்டிங் மிஷினு, நாலு பசங்க. கேட்டு, கிரில்லு, கலப்பை ரிப்பேருன்னு ஓடுது. கஜா புயலப்போ லாரி லாரியா கம்பமும் கிராஸ் ஆர்மும் (கம்பத்து மேல கம்பியத் தாங்குற குறுக்குச் சட்டம்) வந்து எறங்குனத பாத்தேன், அதுலேர்ந்து இந்த இரும்புச் சாமானெல்லாம் நம்மளே அடிச்சுக் குடுக்கலாமேன்னு ஒரு நெனப்பு. யாரப் போய்ப் பாக்கணும்?

பதில்: யாரையும் பாக்க வேணாம் தம்பி, மொதல்ல டெண்டரப் பாருங்க. 2018 நவம்பர் 15-16 ராத்திரிய நீங்களும் மறக்க மாட்டீங்க நானும் மறக்க மாட்டேன், லட்சம் கம்பத்துக்கு மேல போச்சு, ஆனா அந்த மாதிரி அவசரத்துல புது ஆளுகிட்ட எவனும் வாங்க மாட்டான், ஏற்கனவே ரேட்டு வச்சிருக்கவன்கிட்டதான் வாங்குவான். சாதாரண நாள்லயே உள்ள போயி உக்காந்திருக்கணும்.

ரெண்டு வாசல் இருக்கு. டிரான்ஸ்ஃபார்மர், கம்பி, மீட்டர் மாதிரி மொத்தமா வாங்குறதெல்லாம் சென்னை அண்ணாசாலை தலைமை ஆபீஸ்ல முடிவாகும், அங்க நாம இப்போதைக்கு போக வேணாம். ரெண்டாவது நம்ம சர்க்கிள் எஸ்.ஈ. (மேற்பார்வைப் பொறியாளர்) ஆபீஸ், அங்க சின்னச் சின்ன டெண்டரு வரும், ஃபேப்ரிகேஷன், ரிப்பேர் வேல, வண்டி வாடகை இப்படி. பேரு இப்ப மின் பகிர்மானக் கழகம்னு மாறிப்போச்சு, 2024ல பிரிச்சாங்கல்ல, நமக்கென்னமோ அது ஈபிதான். தமிழ்நாடு அரசு டெண்டர் போர்ட்டல்ல ரெண்டு மாசம் எதுக்கும் விலை போடாம சும்மா பாத்துட்டே இருங்க, யாரு எல்-1 (கொறஞ்ச விலை போட்டு மொத எடம்) வர்றான், என்ன ரேட்டுன்னு நோட்டுல எழுதுங்க. அத விட பெரிய படிப்பு கெடையாது.

டெண்டரு பெரும்பாலும் ரெண்டு கவரு. டெக்னிக்கல் கவர்ல பாஸானாதான் விலைக் கவர பிரிப்பாங்க, ஒரு காகிதம் கொறஞ்சாலும் உங்க விலைய யாரும் பாக்கவே மாட்டாங்க. டிஜிட்டல் சைன் வாங்கிக்கங்க, உதயம் (சிறுதொழிலுக்கான மத்திய அரசு பதிவு) பதிவு பண்ணிக்கங்க, அதுல மேனுஃபேக்சரிங்னு சரியான கோடு போடுங்க, நம்ம ஆளுங்க பாதி பேரு அவசரத்துல டிரேடிங்னு போட்டுடுறான். சிறு உற்பத்தியாளருக்கு ஈஎம்டி (டெண்டர் போடுறப்ப கட்டுற முன்பணம்) கட்டுறதுல விலக்கு இருக்கு, ஆனா நீங்க தயாரிக்கிற அதே ஐட்டத்துக்குத்தான். முன்னாடி சப்ளை பண்ண ஆர்டர் காப்பியும் கேப்பாங்க, அதுக்குத்தான் சர்க்கிள்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்றேன், ஒன்னரை லட்சம் ரூவா ஆர்டரா இருந்தாலும் ஒழுங்கா முடிச்சு ஒரு சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கங்க.

அடுத்தது சரக்கு. கேட்டு அடிக்கிற கை வேற, டிராயிங் பாத்து அடிக்கிற கை வேற. இரும்புக்கு டெஸ்ட் சர்டிபிகேட் கேப்பாங்க, ஓட்டை ரெண்டு மில்லி தள்ளிப்போனா திருப்பி அனுப்பிருவாங்க, அப்புறம் முக்கியமா கால்வனைசிங், அதாவது துத்தநாகப் பூச்சு. வேதாரண்யம், கோடியக்கரை பக்கத்து உப்புக்காத்துல துத்தநாகம் மெல்லிசா இருந்தா சீக்கிரமே துரு ஏறிரும், அதனால கோட்டிங்க அளந்து பாத்துதான் ஈபி ஸ்டோர்ஸ்ல எடுப்பாங்க. என் மொதல் டெண்டர்ல இரும்பு வெல, கூலி, கரண்டு எல்லாம் கணக்கு போட்டு, கால்வனைசிங் பிளான்டுக்கு போயிட்டு வர்ற லாரி வாடகைய சுத்தமா மறந்துட்டேன். எல்-1 வந்தேன். பொண்டாட்டி வளையல் அடகுக்குப் போச்சு.

அதனால காச கணக்குப் போடுங்க. 4 லட்ச ரூபா ஆர்டருன்னு வச்சுக்கங்க, இரும்பு 2.80 லட்சம், கடைக்காரன் கையில காசு இருந்தாதான் லோடு ஏத்துவான். செக்யூரிட்டி டெபாசிட் 5 சதவீதம்னா 20 ஆயிரம் மொதல்லயே மாட்டிக்கும். பில்லு போட்டதும் 18 சதவீத ஜிஎஸ்டி 72 ஆயிரம், இரும்புக்கு கட்டுன 50,400ஐ கழிச்சா மீதி 21,600, மாசாமாசம் ரிட்டர்ன் போடுறவங்க அத அடுத்த மாசம் 20ஆம் தேதிக்குள்ள கட்டியாவணும், ஈபி பணம் வந்துச்சா வரலயான்னு ஜிஎஸ்டிகாரன் கேக்க மாட்டான். ஒப்பந்தம் 2.50 லட்சத்துக்கு மேலங்கறதால பணம் வர்றப்ப 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ் வேற பிடிப்பாங்க, அது ஜிஎஸ்டி போர்ட்டல்ல உங்க கணக்கு லெட்ஜர்லதான் வந்து உக்காரும், எடுத்துக்கலாம், நெறைய பேரு மறந்துடுறாங்க. கூலி, லாரி எல்லாம் சேத்து ஆறு மாசம் தாங்குற காசு கையில இல்லன்னா விலையே போடாதீங்க, கேட்டு கிரில்ல மட்டும் எந்தக் காலத்துலயும் விட்டுடாதீங்க. துவாக்குடில பெல் கம்பெனி ஒண்ண மட்டும் நம்பி பட்டறை போட்டவங்க அங்க ஆர்டர் கொறஞ்சப்ப பட்ட பாட்ட திருச்சிப்பக்கம் யாரக் கேட்டாலும் சொல்வாங்க.

கேள்வி: சார், கும்பகோணத்துலேர்ந்து எழுதுறேன். ஒரு அரசு மின் நிறுவனத்துக்கு, பேரு வேணாம், சரக்கு குடுத்து ஏழு மாசமாச்சு. நாளைக்கு வாங்க நாளைக்கு வாங்கன்னே சொல்றாங்க.

பதில்: மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்துட்டாங்கன்னு டிவில சொல்லுவான், நம்ம கடைமடை வாய்க்கால்ல கால் நனையறதுக்குள்ள நாத்து காஞ்சிரும், பில்லு பணமும் அதே மாதிரிதாங்க. ஆனா இதுக்கு சட்டம் இருக்கு. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல போகக்கூடாது, போனா ரிசர்வ் வங்கி பேங்க் ரேட்ட போல மூணு மடங்கு கூட்டு வட்டி, மாசாமாசம் ஏறும். இதுக்குன்னே இருக்குற எம்எஸ்எம்இ போர்ட்டல்ல மனு போட்டா ஃபெசிலிட்டேஷன் கவுன்சிலுக்கு (பாக்கித் தகராற தீத்து வைக்கிற அமைப்பு) போவும், திருச்சியிலயே ஒண்ணு இருக்கு. அவங்க குடுக்குற தீர்ப்ப எதுத்து கோர்ட்டுக்குப் போவணும்னா அந்த நிறுவனம் தொகைல 75 சதவீதத்த கட்டிட்டுதான் போவ முடியும்.

ரெண்டு எடத்துல மாட்டுவீங்க. சரக்கு குடுக்குறதுக்கு முன்னாடியே உதயம் இருந்துச்சா? அப்புறம் பதிஞ்சிருந்தா அத வச்சே இழுத்தடிப்பாங்க. வெளியூர்ல வாங்கி வித்த யாவாரியா நீங்க? 2021ல யாவாரிங்களயும் உதயத்துல சேத்தாங்க, ஆனா பேங்க் கடனுக்கு மட்டும்தான், இந்த 45 நாள் பாதுகாப்பு கெடையாது. இன்னொன்னு, மனு போட்டா அடுத்த ஆர்டர் வருமான்னு பயம் இருக்கும், இருக்கத்தான் செய்யும். அதனால மொதல்ல ஸ்டோர்ஸ் ரசீது, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டு, பில்லு குடுத்ததுக்கு முத்திரை போட்ட காப்பி மூணையும் வச்சு அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு ஒரு லெட்டர் பதிவுத்தபால்ல போடுங்க. பாதிப் பில்லு ஏதோ ஒரு கையெழுத்து இல்லாமத்தான் தூங்கிட்டு இருக்கும்.

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்க மகளிர் குழுவுல பதினோரு பேருக்கு தையல் தெரியும். நெய்வேலிக்கு ஏதாச்சும் தைச்சுக் குடுக்க முடியுமாண்ணே?

பதில்: முடியும்மா. என்எல்சி மத்திய அரசு நிறுவனம், அதனால 2012 கொள்முதல் ஆணைப்படி 25 சதவீதம் குறு சிறு தொழில்கள்கிட்ட வாங்கணும், பெண்கள் நடத்துறதுக்கு 3 சதவீதம் தனியா இருக்கு. இது மாநில ஈபிக்கு பொருந்தாது, உங்களுக்குப் பக்கத்துல இருக்குற திருமக்கோட்டை கேஸ் பிளான்டும் மாநிலத்தோடதுதான். ஜெம் போர்ட்டல்ல (அரசு ஆபீஸுங்க சாமான் வாங்குற ஆன்லைன் சந்தை) பதிவு பண்ணி துணிப்பை, திரைச்சீலை, யூனிஃபார்ம்ல ஆரம்பிங்க. கரண்டு வேலைக்குப் போடுற கையுறை பக்கம் மட்டும் போயிடாதீங்க, அது உயிர் சமாச்சாரம், ஆயிரத்தெட்டு டெஸ்ட் இருக்கு.

கேள்வி: பாபநாசத்துல ஃபேப்ரிகேஷன் பண்றேன். உதயம், ஜெம், ஈபி எல்லாத்துலயும் பேர ஏத்தித் தர்றேன்னு ஒருத்தர் 15 ஆயிரம் கேக்குறார், குடுக்கலாமா?

பதில்: உதயம் பதிவு காசில்லாம ஆதாரும் பான் கார்டும் வச்சே முடியும், ஜெம் பதிவுக்கும் ஃபீஸ் கெடையாது, தஞ்சாவூர் மாவட்ட தொழில் மையத்துல போய் உக்காந்தா சொல்லித் தருவாங்க. காசு ஆவறது டிஜிட்டல் சைனுக்குத்தான். மிச்சக் காசுல சின்னதா ஒரு கோட்டிங் கேஜ் வாங்கி பட்டறைல வச்சுக்கங்க, ஸ்டோர்ஸ்காரன் அளக்குறதுக்கு முன்னாடி நீங்களே அளந்துடலாம்.