ஏ முதல் இசட் வரை தெரிந்த குழந்தை, ஒரு வரி ஆங்கிலம் வாசிக்க ஏன் திணறுகிறது?

ஏழு வயது மகளுக்கு 26 எழுத்தும் அத்துப்படி, மூன்றெழுத்துச் சொல்லைக் காட்டினால் விழிக்கிறாள் என்கிறீர்கள். அவளைத் திட்டாதீர்கள். அவளுக்குத் தெரிந்தது எழுத்தின் பெயர். வாசிக்கத் தேவை அதன் ஒலி. 'சி, ஏ, டி' என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'சியேட்டி'தான் வரும், பூனை வராது.

ஒலியைச் சொல்லித்தருபவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். நம் 'ப'வுக்குள் அகரம் ஒளிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் 'ப, இ, ன' என்றால் குழந்தை 'பயின' என்றுதான் சேர்க்கும். புள்ளி வைத்துச் சொல்லுங்கள்: ப்... இ... ன். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தால் 'பின்' வந்துவிடும். முதலில் எழுத்தே காட்டாமல் காதுக்கு மட்டும் இரண்டு நிமிடம் இப்படி விளையாடுங்கள்.

அகரவரிசையில் போக வேண்டாம். எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறில் தொடங்குங்கள் (டைகரின் டி, பேப்பரின் பி). இந்த ஆறை வைத்தே பின், டின், டிப், சிட், ஸ்பின் எல்லாம் வாசித்துவிடலாம். தினமும் பத்து நிமிடம் போதும். எஸ்ஸும் எச்சும் சேர்ந்தால் 'ஷ்' என்ற ஒரே ஒலி, கடைசியில் ஈ வந்தால் 'பின்' 'பைன்' ஆகும் என்பதெல்லாம் பிறகு. 'செட்' (சொன்னாள்), 'வாஸ்' (இருந்தாள்) போல எழுத்துக்கூட்டலுக்கு அடங்காத சொற்களை வாரத்துக்கு மூன்றாக, பார்த்த மாத்திரத்தில் சொல்லப் பழக்குங்கள்.

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதித் தருவதை இன்றே நிறுத்துங்கள். கண் தமிழுக்குத்தான் போகும். போதாக்குறைக்கு, பன்றியும் 'பிக்', பெரியதும் 'பிக்'. மேலே டைகரையும் பேப்பரையும் நான் இழுத்ததும் இதனால்தான். தொண்டையில் கைவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பெரியதைச் சொல்லும் 'பிக்'கில் முதல் எழுத்துக்கே அதிரும், பன்றியைச் சொல்லும் 'பிக்'கில் அதிராது.

படத்தைப் பார்த்து ஊகிக்கிறாளா என்று அறிய, 'பிம்', 'நிஸ்' என்று இல்லாத சொற்களைக் கொடுங்கள். இங்கிலாந்தில் 2012 முதல் சிறுவர்களுக்கு நடக்கும் சோதனையில் 40 சொற்களில் 20 இப்படிப்பட்ட பொய்ச்சொற்கள்தான்.

"நாங்கள் ஏ ஃபார் ஆப்பிளிலேயே படித்து வந்தோமே" என்று சிலர் வருவார்கள். வந்தீர்கள், மறுக்கவில்லை. ஒலியை நீங்களாகவே ஊகித்துக்கொண்டீர்கள். எல்லாக் குழந்தைக்கும் அது வாய்க்காது. ஒலி மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 1986இல் காஃப், டன்மர் என்ற வாசிப்பு ஆய்வாளர்கள் இருவரும் வாசிப்பைப் பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்துக்கூட்டும் திறன் ஒருபக்கம், மொழி புரிதல் மறுபக்கம், ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். அதனால் கதையை முதலில் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் வாசிக்கவிடுங்கள். நூறு சொல்லில் பத்துக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகத்தை எடுத்து வையுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லைக்கூட வாசிக்கத் தெரியாத பிள்ளையை நாலுகோட்டு நோட்டில் பக்கம் பக்கமாகக் கூட்டெழுத்து (கர்சிவ்) எழுத வைக்கிறார்களே, அது யாருக்காக? நோட்டைத் திருத்துபவர் கண்ணுக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

நான்கைந்து மாதம் ஒழுங்காகச் செய்தும் மூன்று ஒலி சேரவில்லை என்றால் கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உண்டா என்றும் பார்த்துவிடுங்கள்.