பழைய டெக் பலகையில் பாத்தி அடிக்கலாமா?

தம்பி, ஸ்காபரோவில் நீங்கள் எடுத்த வீட்டின் பின்வளவில் மரப்பெட்டி அடித்துப் பாத்தி போடப் போவதாகவும், பக்கத்து வீட்டுக்காரர் கழற்றுகிற டெக்கின், அதாவது வீட்டை ஒட்டி வெளியே அடித்த மரத்தளத்தின், பலகைகளைச் சும்மா தருவதாகவும், அதற்குள் கத்தரி, வெண்டி, கீரை வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

அந்த டெக் எப்போது கட்டினது என்று கேட்டுப் பாருங்கள். இங்கே கனடாவில் 2003 முடியுமட்டும் வீட்டுப் பாவனைக்கு விற்ற, உக்காமலிருக்க மருந்தேற்றிப் பதப்படுத்திய பலகைகளில் பெரும்பாலும் சிசிஏ என்ற கலவையைத்தான் ஏற்றியிருந்தார்கள், அதாவது குரோமியம், செம்பு, ஆர்சனிக். ஆர்சனிக் வேறொன்றுமில்லை, நம்முடைய பாஷாணம்தான். புதிதில் பச்சையாக இருக்கும், பிறகு வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும் என்பதால் கண்ணால் பார்த்து ஒன்றும் பிடிக்க முடியாது. மழையில் கசிவது பலகையோரத்து மண்ணில் தேங்கும், அந்த மண் ஒட்டிக்கொண்டு வருகிற கீரையையும் முள்ளங்கியையும்தானே பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறோம். அந்தப் பலகையை அடுப்பிலோ முற்றத்திலோ எரிக்கவும் கூடாது, பாஷாணம் புகையிலும் போகும், சாம்பலிலும் மிஞ்சும்.

ரயில் சிலிப்பர் கட்டையும் அப்படித்தான். வெயில் ஏற ஒரு தார் மணம் வரும் பாருங்கள், அது கிரியோசோட், கட்டை உக்காமலிருக்க ஏற்றும் தார் எண்ணெய், அதுவும் நஞ்சுதான்.

சரி, எதை வாங்குவது? காசு இருந்தால் சீடர் (cedar) மரப்பலகை. வெளிறிய ஓரப்பலகையைத் தள்ளிவிட்டு நிறம் ஏறிய வைரப்பகுதியாகப் பொறுக்குங்கள், உக்காமல் நிற்பது அதுதான். கை கடித்தால் பதப்படுத்தாத ஸ்புரூஸ் (spruce) மரப்பலகை போதும். பலகையில் குத்தியிருக்கும் முத்திரையில் கேடி-எச்டி (KD-HT) என்று இருந்தால் சூளையில் காயவைத்து வெப்பமேற்றினது, மருந்து ஏற்றினது என்று அர்த்தமில்லை, பயப்படாதீர்கள். சில வருடத்தில் உக்கும், மாற்றிக்கொள்ளலாம். இப்போது விற்கும் பதப்படுத்திய பலகையில் ஆர்சனிக் இல்லை, செம்புதான் பிரதானம். அதை விஷமென்று நான் சொல்லமாட்டேன், ஆனாலும் சாப்பாட்டுச் சாமானுக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அதுதான் வேண்டுமென்றால் பெட்டியின் உட்பக்கச் சுவருக்கு மட்டும் தடித்த பிளாஸ்டிக் அடியுங்கள், அடியை மூடினால் தண்ணீர் வடியாது. ஆணியும் கல்வனைஸ் பண்ணினதாக இருக்க வேண்டும், செம்பு சாதாரண இரும்பைத் தின்றுவிடும்.

நாலுக்கு எட்டடிப் பெட்டிக்கு இரண்டுக்குப் பத்து அங்குல அளவில் எட்டடிப் பலகை மூன்று போதும், ஒன்றை நடுவில் அறுத்தால் நாலடித் தலைப்புப் பக்கம் இரண்டும் வந்துவிடும். பத்து அங்குலம் என்று விற்றாலும் அளந்தால் ஒன்பதே கால்தான், கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், இங்கே அதுதான் வழக்கம். மண் ஒரு கியூபிக் யார்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். பெட்டியை இப்போதே அடித்துவிடலாம், கத்தரிக் கன்றை மட்டும் உறைபனிக்குப் பயந்து மே மாத விக்டோரியா நாள் லீவு கழியுமட்டும் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.