கூடுதல் ‘ஏ’வை எங்கே வைப்பது?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் ஆகிறது. அஸ்த நட்சத்திரம், இரண்டாம் பாதம். ‘ஷ’வில் பெயர் தொடங்க வேண்டும் என்று ஜோசியர் சொன்னார். மாமியார் வீட்டில் தேடிப் பார்த்து ‘ஷன்விதா’ என்று முடிவு செய்தார்கள். எண்கணிதம் பார்ப்பவர் கூட்டுத்தொகை சரியில்லை என்று சொல்லி, ஆங்கிலத்தில் எஸ், ஹெச்சுக்கு அப்புறம் இரண்டு ஏ போடச் சொல்லிவிட்டார். என் கணவருக்கு ‘யாழினி’தான் பிடிக்கும். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை. இப்படி எழுதினால் பிள்ளைக்குப் பின்னால் சிரமம் வருமா?
– நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

சான்றிதழில் பெயர் ஏறுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவே பாதி வேலையைக் குறைத்துவிட்டது. பள்ளித் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நாமினல் ரோலை, அதாவது பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியலை, வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தவன் நான். பெற்றோர்கள் இந்தக் கேள்வியோடு வரும்போது பெரும்பாலும் பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆகியிருக்கும்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஷன்விதா புதுமாதிரியான பெயர் என்பதால் உங்கள் மகளுக்கு எந்தத் தொல்லையும் வராது. அந்த இரண்டு ஏ உட்கார்ந்திருக்கும் இடத்தால் வரும். அதை நகர்த்த வழி இருக்கிறது.

இந்த ‘ஷ’ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 27 நட்சத்திரத்துக்கும் நான்கு நான்கு பாதம், ஆக 108 பாதம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. அந்த அட்டவணை சமஸ்கிருத ஒலிகளை வைத்துச் செய்தது. அஸ்தத்துக்கு பூ, ஷ, ண, ட என்று போட்டிருப்பார்கள். மூன்றாம் பாதத்தில் பிறந்த பிள்ளைக்கு ‘ண’வில் பெயர் தேடி எங்கே போவது? தமிழில் ணகரத்தில் சொல்லே தொடங்காது. அந்த வீடுகளில் என்ன செய்கிறார்கள் என்றால், ‘ந’வை எடுத்துக்கொள்கிறார்கள். ஜோசியரும் சரி என்கிறார். அங்கே ஒத்துப்போகலாம் என்றால், ‘ஷ’வுக்குப் பதில் ‘ச’ வைக்கலாமா என்று உங்கள் ஜோசியரிடம் நீங்கள் தயங்காமல் கேட்கலாம். இந்த அட்டவணையைக் கண்டு பயந்து, ஷ, ஹ, ட என்று தொடங்கும் பெயர்களைத் தேடி ஓடுகிற வீடுகள் ஏராளம். ஒரே வகுப்பில் ஒன்றுபோலவே ஒலிக்கிற ஏழெட்டுப் பெயர்கள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்கிறோமே, அந்தப் பெயரும் பள்ளியில் எழுதுகிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நம் வீடுகளில் எப்போதும் கட்டாயம் இருந்ததில்லை. தாத்தா பெயரைக் காதில் சொல்லிவிட்டு, ரெஜிஸ்டரில் வேறு பெயர் எழுதி, வீட்டில் ‘பாப்பு’ என்று கூப்பிட்டு வளர்த்தவர்கள்தானே நாம். நட்சத்திர எழுத்துக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று மாமியார் நினைத்தால், அந்தச் சடங்குக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது.

சரி, புதுப் பெயர் என்கிற பயத்துக்கு வருவோம். நாராயணசாமி என்று பிறந்தவர் நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அன்றைக்குக் கேட்டவர்களுக்கு அவை விசித்திரமான பெயர்களாகத்தான் இருந்திருக்கும். இன்று அன்பழகன் இல்லாத ஊர் உண்டா? 1953 மார்ச் 1 அன்று பிறந்த மகனுக்குக் கருணாநிதி ஸ்டாலின் என்று பெயர் வைத்தார். அந்த மார்ச் 5 அன்று சோவியத் தலைவர் ஸ்டாலின் மறைந்தார். வெளிநாட்டுப் பெயர் தமிழ்நாட்டில் வேர்பிடிக்க ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. லெனின், கென்னடி, போஸ் என்று பெயர் உள்ள மாணவர்கள் என் வகுப்புகளிலும் இருந்திருக்கிறார்கள், ஒருவரும் அதனால் சிரமப்பட்டதில்லை. கேட்ட மாத்திரத்தில் எழுதவும், எழுதியதைப் பார்த்ததும் சரியாகக் கூப்பிடவும் முடிகிற பெயர், எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஊருக்குப் பழகிவிடும்.

இப்போது அந்த ஏ. எண்கணிதம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கீரோ என்பவர் பரப்பிய முறைப்படி ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்பு கொடுப்பார்கள். ஷன்விதாவை வழக்கமான எழுத்துக்கூட்டில் வைத்துக் கூட்டினேன்: எஸ் 3, ஹெச் 5, ஏ 1, என் 5, வி 6, ஐ 1, டி 4, ஹெச் 5, ஏ 1. மொத்தம் 31. மூன்றும் ஒன்றும் சேர்ந்தால் 4. அந்த எண் ஆகாது என்பது அவர்கள் கணக்கு. ஓர் ஏ கூட்டினால் 32, அது 5 ஆகிவிடும். உங்களுக்குச் சொன்ன திருத்தம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் வீட்டில் இருந்தால் அதை மதிக்கிறேன். ஆனால் கூட்டலுக்கு எழுத்தின் வரிசை தேவையில்லை. அந்த ஏ முன்னால் இருந்தாலும் கடைசியில் இருந்தாலும் 32தான். முன்னால் வைத்தால் பார்க்கிறவர்கள் எல்லோரும் ‘ஷான்விதா’ என்று படிப்பார்கள். கடைசியில் வைத்தால் ‘தா’ ஏற்கனவே நெடில், ஒலி மாறாது. நம் செஸ் வீரர் பிரக்ஞானந்தாவின் பெயரை ஆங்கிலத்தில் பாருங்கள்: 14 எழுத்து, நடுவில் ஜி இரண்டு, கடைசியில் ஏ இரண்டு. அந்தக் கடைசி ஏ யார் வாயிலும் பெயரைக் கெடுப்பதில்லை.

டிக்கு அப்புறம் வரும் ஹெச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தமிழர்கள் ‘த’ ஒலிக்கு டி, ஹெச் இரண்டும் போடுகிறோம், ‘ட’ ஒலிக்கு வெறும் டி. வடக்கே கவிதா என்பதில் ஹெச் இல்லாமல் எழுதுவார்கள், நாம் சேர்த்து எழுதுவோம். ஹெச்சை எடுத்துவிட்டால் நம் ஊரிலேயே யாராவது ‘ஷன்விடா’ என்று கூப்பிடுவார்கள்.

ஒரு மாணவியை நினைத்துக்கொள்கிறேன். அவள் பெயரின் முதல் எழுத்து தமிழில் குறில். கூட்டுத்தொகைக்காக ஆங்கிலத்தில் நெடிலாக எழுதியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் சேர்ந்தபோது, ஒவ்வொரு பாடவேளையிலும் வேறு வேறு ஆசிரியர் நீட்டிக் கூப்பிட, அவள் எழுந்து திருத்துவாள். மூன்றாவது வாரத்தில் திருத்துவதை நிறுத்திவிட்டாள். அதுவரை வீட்டில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயருமாக இருந்த பிள்ளை, பள்ளிப் பெயருக்கே பழகிக்கொண்டாள். அவளுடைய அம்மா ஒருநாள் வந்து, என்ன எல்லோரும் இப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கலங்கியபோது, என்னிடம் நல்ல பதில் இல்லை. சான்றிதழில் அப்படித்தான் இருந்தது.

இன்னொரு மாணவனுக்குப் பிறப்புச் சான்றிதழில் என் இரண்டு, ஆதாரில் ஒன்று. வங்கிக் கணக்கு ஆதாரைப் பார்த்துத் திறந்தது, பள்ளிப் பதிவு சான்றிதழைப் பார்த்து எழுதியது. உதவித்தொகை வராமல் அவன் அப்பா ஒரு வருடம் அலைந்தார், கூலிக்குப் போகிற மனிதர். ஓர் எழுத்துக்காக எத்தனை நாள் சம்பளம் போனது என்பதை அவர்தான் அறிவார்.

இந்த விஷயம் முன்பைவிட இப்போது கூடுதல் முக்கியம். 2023 அக்டோபர் 1 முதல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதி முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், ஆதார் என்று பலவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். ஆகவே அதில் ஏறுகிற எழுத்துக்கூட்டே மற்ற எல்லாவற்றுக்கும் தாய்ப்பிரதி. பெயர் இல்லாமல் பதிவான பிறப்புக்கு, பதிவான நாளிலிருந்து ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். உங்களுக்கு ஏறத்தாழ ஏழு மாதம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். அதற்காக வருடக்கணக்கில் இழுத்தடிக்கவும் வேண்டாம். கேரளத்தில் பெற்றோர் ஒத்துப்போகாமல் பெயர் சேராத ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாமல் போய், 2023-இல் உயர் நீதிமன்றமே பெயர் வைக்க வேண்டியதாயிற்று. சேர்த்த பெயரைப் பின்னால் பிடிக்கவில்லை என்று மாற்றுவதும் எளிதில்லை. சட்டத்தின் 15-வது பிரிவு பிழையைத் திருத்தத்தான் வழி சொல்கிறது, மனம் மாறியதற்கு அல்ல. ஆதாரிலும் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டே முறைதான் அனுமதி. கெஜட்டில் வெளியிட்டுப் பெயர் மாற்றும் வழி இருக்கிறது, ஆனால் மாற்றிய பிறகு ஒவ்வொரு ஆவணமாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

இன்ஷியல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எண்கணிதத்தில் இன்ஷியலையும் சேர்த்துக் கூட்டுகிறவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டில் இன்ஷியலை விரித்து அப்பாவின் முழுப்பெயராக எழுத வேண்டும், அதோடு அந்தக் கூட்டுத்தொகை போய்விடும். எந்தக் காகிதத்தில் உள்ள பெயருக்குக் கூட்டினீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது மகளின் பெயரை ஒரு கட்டத்திலும் அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும் எழுதுங்கள், ஒன்றை வெறுமையாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் மூன்று எழுத்தை அச்சடித்து வாங்கிவந்த நம் ஊர்ப் பிள்ளைகள் உண்டு. குடும்பப்பெயர் வழக்கமில்லாத நமக்கு இந்தக் கட்டங்கள் எப்போதும் இடிக்கும், அப்பா பெயரை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

பொருளையும் விசாரியுங்கள். ‘லட்சுமியின் மறுபெயர்’, ‘தெய்வீக ஒளி’ என்று பெயர்ப் பட்டியல்களில் எதற்கு வேண்டுமானாலும் போட்டுவிடுகிறார்கள். அன்வித என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு ‘உடன் கூடிய’ என்று பொருள் உண்டு. முன்னால் ஷ ஒட்டியதும் அந்தப் பொருளும் தளர்ந்துவிடுகிறது. ஒலிக்காக மட்டும் ஒரு பெயர் வைப்பதில் தவறே இல்லை. ஆனால் நாளைக்கு உன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று வகுப்பில் கேட்பார்கள், அவள் உங்களிடம் வந்து கேட்பாள். தமிழ்ச் சொல்லாக இருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் தேடிப் பார்க்கலாம், அது இணையத்திலேயே கிடைக்கிறது.

உங்கள் கணவர் சொல்கிற யாழினி எனக்கும் பிடித்த பெயர்தான், யாழ் என்றதும் பொருள் கண்முன் வந்துவிடுகிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ழகரத்துக்கு நாம் இசட், ஹெச் போடுகிறோம். நம் ஊரைத் தாண்டினால் அதை ‘யாஸினி’ என்று படிப்பார்கள். ஈழத்தமிழர்கள் பெரும்பாலும் எல் போட்டு எழுதுவார்கள், அதைப் படிக்கிறவர் ‘யாலினி’ என்பார். எது வாய்க்கு அருகில் வருகிறது என்று கேட்டால், எல்தான் என்பேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசிவரை அதே எழுத்து.

ஆகவே, உங்கள் வீட்டில் பேச வேண்டியது இதுதான். இந்த ஒரு வாரம் இரண்டு பெயரையும் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் வயதான பாட்டி இருந்தால் அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ‘சன்விதா’ என்று வந்தால், ஊரில் பாதிப் பேர் வாயிலும் அப்படித்தான் வரும், அது உங்களுக்குச் சம்மதமா என்று யோசியுங்கள். வெளியூரில் இருக்கிற ஒரு நண்பருக்குப் போன் செய்து பெயரை ஒருமுறை மட்டும் சொல்லி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவர் எழுதியதுதான் நாளைக்கு ஆஸ்பத்திரிக் கவுன்டரிலும் தேர்வு விண்ணப்பத்திலும் எழுதப்போகிற பெயர்.

மாமியாரிடம் யாழினியைத் திணிக்காதீர்கள், அவர் ஆசையோடு தேடியிருக்கிறார். ஷன்விதாதான் என்று எல்லோருக்கும் மனம் ஒத்துவிட்டால், கூடுதல் ஏவைக் கடைசிக்கு நகர்த்தி, 32 குறையவில்லை என்று காகிதத்தில் கூட்டிக் காட்டுங்கள். யாழினி என்று முடிவானால், நட்சத்திரப் பெயரைக் காதில் சொல்லும் பெயராக வைத்துவிடுங்கள்.

பெயர் சேர்க்கப் போகும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு துண்டுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள், வாயால் சொல்லாதீர்கள். அச்சடிப்பதற்கு முன்னால் திரையில் காட்டச் சொல்லி, விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். ஷன்விதா என்றால் தமிழில் ‘ன்’ றன்னகரமா, டண்ணகரமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நான் திருத்திய பெயர்களில் அதிகம் தவறியது அந்த இரண்டு எழுத்துதான். அந்தத் துண்டுத்தாளைத் தூக்கிப் போடாமல் சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்கள், ஆதார் எடுக்கப் போகும்போது அதே தாளைக் கொடுக்கலாம்.