தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் பணி: ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: ஜி.என்.எம். நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்படி நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் சொல்கிறார். உடன் வேலை செய்பவர்களோ, "அது ஃபைல் வேலை, நோயாளி பக்கமே போக முடியாது" என்கிறார்கள். இதில் எதிர்காலம் இருக்கிறதா? மேற்கொண்டு என்ன படிக்க வேண்டும்?

பதில்: எடுத்துக்கொள்ளுங்கள், சகோதரி. ஆனால் இரண்டு விஷயங்களைப் பேசி முடித்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

இது முழுநேரப் பணியா, வார்டு டியூட்டியோடு சேர்த்துச் சுமத்தப்படும் கூடுதல் பொறுப்பா என்று முதலில் கேளுங்கள். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் ஆய்வு நெருங்கும்போது அவசரமாக ஒரு நர்ஸின் பெயரை இந்தப் பதவிக்கு எழுதிவிட்டு, அவரையே தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நிறுத்தும் மருத்துவமனைகள் இருக்கின்றன. அப்படிச் செய்தால் இரண்டு வேலையும் கெடும். 250 படுக்கைகளுக்குக் குறைந்தது ஒரு முழுநேர ஆள் வேண்டும், 100 படுக்கைகளுக்கு ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் மருத்துவமனையின் படுக்கைக் கணக்கோடு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு உண்மையிலேயே கூடுகிறதா? மருத்துவக் கண்காணிப்பாளர் அதில் வந்து உட்காருகிறாரா? நுண்ணுயிரியல் மருத்துவர் உங்களோடு ரவுண்ட்ஸ் வருவாரா? கை கழுவாமல் அடுத்த படுக்கைக்குப் போகும் மூத்த அறுவை சிகிச்சை நிபுணரை நீங்கள் நிறுத்திச் சொல்ல வேண்டிவரும். அந்த நேரத்தில் நிர்வாகம் உங்கள் பக்கம் இல்லையென்றால், எத்தனை படித்திருந்தும் பயனில்லை.

ஃபைல் வேலை என்ற பேச்சுக்கு வருகிறேன். குழாய் போட்ட நோயாளியின் சிறுநீர் சேரும் பையை (யூரின் பேக்) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது, ஸ்ட்ரெச்சரைத் தள்ளுபவர் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பார். பையில் நின்ற சிறுநீர் குழாய் வழியே திரும்பிச் சிறுநீர்ப்பைக்குள் இறங்கும். திரும்பி வந்த பிறகு பை தரையில் கிடக்கும். அளவு பார்க்கும் ஜாடி ஒன்றே ஒன்று. அதையே நான்கு படுக்கைகளுக்கும் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு முறையும் பையின் திறப்பு முனை அந்த ஜாடியின் விளிம்பில் படும். மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாடிக்கை மாற்று என்பார்களே தவிர, யாரும் ஜாடியைப் பார்க்க மாட்டார்கள். பார்க்க வேண்டியவர் நீங்கள். வார்டில் நின்று இதைக் கவனிக்காதவரால் இந்த வேலையைச் செய்யவே முடியாது. ஐந்து ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்ற கண் உங்களுக்கு இருக்கிறது. அதுதான் பெரிய தகுதி.

புதிதாகப் பழக வேண்டியது கணக்கு. தினமும் ஒரே நேரத்தில், எத்தனை பேருக்குச் சிறுநீர்க் குழாய் இருக்கிறது என்று எண்ணிக் குறிக்க வேண்டும். ஒரு மாதத்தில் அந்த எண்களைக் கூட்டினால் வருவதுதான் 'குழாய் நாட்கள்'. அது 300, குழாயால் வந்த தொற்று 3 என்றால், விகிதம் ஆயிரம் குழாய் நாட்களுக்கு 10. அடுத்த மாதம் 500 குழாய் நாட்கள், 4 தொற்று என்றால் விகிதம் 8. தொற்று மூன்றிலிருந்து நான்காகிவிட்டதே என்று நிர்வாகம் பதறும். நிலைமை மோசமாகவில்லை என்று விளக்க உங்களால் முடியும். இப்படியே சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்க்குள் போடும் குழாய்), வென்டிலேட்டர் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. எதைத் தொற்று என்று எண்ணுவது என்பதற்கும் விதி இருக்கிறது. சிறுநீர்க் குழாய்த் தொற்று என்றால், குழாய் போட்டு இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். காய்ச்சல் போன்ற அறிகுறி இருக்க வேண்டும். கல்ச்சரில் (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி வளர்ந்தது என்பதற்காக மட்டும் எண்ணிவிடக் கூடாது. இந்த வரையறைகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் நேர்மை தவறினால் மொத்த வேலையும் வீண். எங்கள் மருத்துவமனையில் தொற்றே இல்லை என்று காட்டும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

படிப்பைப் பொறுத்தவரை, மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்களை முதலில் வாசியுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் விரல் நுனியில் இருக்கட்டும்: ஊசிக்கு வெள்ளை நிறத் துளைபடாத டப்பா, கண்ணாடிக்கு நீலம், குழாய்களுக்குச் சிவப்பு, ரத்தம் பட்ட பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் மஞ்சள். உலக சுகாதார நிறுவனம் இணையவழியில் இலவசப் பாடங்கள் நடத்துகிறது. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் சில நாட்கள் உட்கார அனுமதி கேளுங்கள்; கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படிக்க அங்கேதான் வரும். கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் அறையையும் விட்டுவிடாதீர்கள்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் சி.ஐ.சி. என்ற சர்வதேசச் சான்றிதழுக்குத் தயாராகலாம். அமெரிக்காவில் உள்ள ஒரு வாரியம் தேர்வு நடத்தித் தருகிறது; ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தத் துறையில் வேலை பார்த்த அனுபவம் இல்லாமல் அதை எழுத முடியாது என்பதால் இப்போதைக்கு அவசரமில்லை. உள்நாட்டிலும் தேவை குறையப்போவதில்லை. அரசு மருத்துவமனைகளைத் தரம் பார்க்கும் காயகல்ப் திட்டத்தில்கூடத் தொற்றுக் கட்டுப்பாட்டுக்குத் தனி மதிப்பெண் உண்டு.

பணியாளர்களின் ஊசிக்குத்துக் காயமும் உங்கள் பொறுப்பில் வரும். எச்.ஐ.வி. தொற்றியவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்ற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குப் போட்ட ஊசி என்றால், அதற்குத் தடுப்பூசி போடாதவருக்குத் தொற்ற வாய்ப்பு 30 சதவீதம் வரைகூடப் போகும். துப்புரவுப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் விடுபட்டிருப்பார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எனவே இரவு இரண்டு மணிக்குக் குத்தினாலும் மருந்து எங்கே கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சம்பளத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பதவி பெரும்பாலும் பகல் பணி. இரவுப் பணிக்குத் தனிப்படி வாங்கிவந்தால் அது நின்றுபோகும். அதற்கு ஈடு என்ன, முழுநேரப் பணிதானா, யாருக்குக் கீழ் வேலை என்ற மூன்றையும் நியமன உத்தரவில் எழுத்தாக வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.