பிரிவியூ டிக்கெட்டை மாற்றலாமா?

சின்ன அரங்கில் மறுபடி போடும் ஒரு பழைய இசை நாடகத்தின் மூன்றாவது பிரிவியூவுக்கு, அதாவது விமர்சகர்கள் வருவதற்கு முன் நடக்கும் முன்னோட்டக் காட்சிக்கு, டிக்கெட் எடுத்தாயிற்று, முதல் நாள் பார்த்த இருவர் "பாட்டு வரியே கேட்கவில்லை, இரண்டாம் பாதி இழுவை" என்கிறார்கள், விமர்சகர்கள் வரும் இரவுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாமா என்கிறீர்கள். குறை இவ்வளவுதான் என்றால் மாற்றுங்கள்.

லண்டனில் ஃபின்பரோ மாதிரி 50 பேர் உட்காரும் அரங்கில் பியானோ உங்கள் முழங்காலை இடிக்காத குறையாக இருக்கும், பாடுபவருக்குப் பெரும்பாலும் மைக் கிடையாது, ஆள் நிறைந்ததும் குரல் எவ்வளவு அமுங்கும் என்பது முதல் கூட்டம் வந்து உட்காரும்வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. பிரிவியூ நாட்களில் பகலில் ஒத்திகை, இரவில் காட்சி என்று அதைத்தான் சரிசெய்துகொண்டிருப்பார்கள். இழுவையும் ஓரளவு குறையும், காட்சி மாற்றங்கள் வேகமாகும். ஆனால் இது பழைய நாடகம், உரிமம் வைத்திருப்பவர் அனுமதியில்லாமல் வசனத்திலோ பாட்டிலோ கைவைக்க முடியாது, அதனால் கதையே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் எந்த நாள் போனாலும் அதேதான்.

பிரிவியூ பேச்சை நான் முழுசாக நம்புவதில்லை, ஒதுக்குவதுமில்லை. 1981இல் நியூயார்க்கின் பிராட்வேயில் 'மெரிலி வி ரோல் அலாங்' என்ற இசை நாடகத்தின் பிரிவியூவிலேயே கூட்டம் எழுந்து போனது, நாயகனை மாற்றிப் பார்த்தும் 16 காட்சிதான் ஓடியது. அதே நாடகம் 2012இல் லண்டனின் சின்ன மெனியர் அரங்கில் மறுபடி வந்து, அந்த ஊரின் பெரிய அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்ட் வரை போனது!

பிரிவியூ விலை பொதுவாகக் குறைவு, மாற்றினால் வித்தியாசத்தை உங்களைக் கட்டச் சொல்லக்கூடும். அப்புறம், ட்ரம்ஸ் பக்கத்து இருக்கை மட்டும் வேண்டாம்.