நேர்மையாக இருந்தும் கடை வளரவில்லையே: விசுவாசம் வீணா?

வீணில்லை. காரைக்குடியில் எடை குறைக்காமல் பலசரக்குக் கடை நடத்தியும் நீங்கள் தேங்கி நிற்கிறீர்கள், ஏமாற்றும் எதிர்க்கடைக்காரர் மாடி கட்டிவிட்டார் என்கிறீர்கள். கடவுள் அவர் பக்கம் என்பதற்கு அந்த மாடி சாட்சி ஆகாது.

விவிலியத்தின் திருப்பாடல் 73-இல் அதைப் பாடிய ஆசாபும் இதையேதான் கேட்கிறார்: என் உள்ளத்தைத் தூய்மையாக வைத்தது வீண்தானா? 17-ஆம் வசனத்தில் கடவுளின் தூயகத்துக்குள் போனபிறகுதான் அவருக்குத் தெளிவு வருகிறது. அப்போதும் அவர் கையில் காசு சேரவில்லை. "நான் எப்போதும் உம்மோடு இருக்கிறேன், பிறகு என்னை மாட்சியில் ஏற்றுக்கொள்வீர்" என்ற உறுதி மட்டும் சேர்ந்தது.

இந்தக் கேள்வி நமக்குள் எழ எனக்குத் தோன்றும் காரணம்: செபக்கூட்டங்களில் வீடு, கார் கிடைத்த சாட்சியங்களையே கேட்டுக் கேட்டு, விசுவாசத்துக்கு மாதக் கூலி எதிர்பார்க்கப் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் பல வருடம் இருந்தேன்.

ஒன்று செய்து பாருங்கள். ஒரு வாரம், கடை சாத்தியதும் அன்று செபத்தில் கேட்டதையெல்லாம் எழுதுங்கள். சாவுக்குப் பின்னும் நிலைக்கிற ஒன்றாவது அதில் இருக்கிறதா?

முடிந்தால் ஒரு நாள் தேவகோட்டை வழியாக ஓரியூர் போய் வாருங்கள். போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ); பிறகு குருவாகி, இராமநாதபுரம் பகுதியான மறவ நாட்டில் மறைபணி செய்தார். பின்னாளில் அந்த இளவரசரே அரசராகி, ஊர் வந்திருந்த அவரைப் போர்ச்சுகலிலேயே இருங்கள் என்றும் கேட்டுப் பார்த்தார். அவரோ மறவ நாட்டுக்கே திரும்பினார். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அந்த மண்ணில் சும்மா கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

ஆனால் நிலைவாழ்வை நம்புகிறோம் என்று கடன் பாக்கியை வசூலிக்காமல் விட்டுவிடாதீர்கள், கடைக்கணக்கு வேறு. எதிர்க்கடைக்காரர் விழுவார் என்று காத்திருக்கவும் வேண்டாம். அவருக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள்.