அம்மாவின் முட்டிக்கடியில் இருக்கும் தலையணை

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பிசியோதெரபிஸ்ட் வந்தாலே அழுகிறார். முட்டிக்கடியில் தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறதாம். வீட்டுக்குள் நடக்கிறார்தானே, பயிற்சியை ஒரு மாதம் நிறுத்திவிட்டு வலி குறைந்ததும் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம், நிறுத்தாதீர்கள். அம்மா அழுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது, ஆனாலும் இந்த ஒரு மாதத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆபரேஷனில் மாற்றியது மூட்டைத்தான். அதை அசைக்கிற தசை பழையதுதான், வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து சரியாக வேலை செய்யாமல் இளைத்துப்போன தசை. போதாக்குறைக்கு, முட்டிக்குள் வீக்கம் இருக்கும்வரை தொடையின் முன்பக்கத் தசையை நரம்புகளே அடக்கி வைத்துவிடும். அதனால்தான் காலைத் தூக்கச் சொன்னால் அம்மாவுக்கு வருவதில்லை, அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். உள்ளே தழும்புத் திசுவும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அசைக்காமல் விட்டால் அது இறுகிவிடும், அப்புறம் மறுபடி மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிட வேண்டிய நிலைகூடச் சிலருக்கு வருகிறது.

நடக்கிறார் என்கிறீர்கள். சமதளத்தில் நடக்க முட்டி 60, 65 டிகிரி மடங்கினால் போதும். படியேறவும் நாற்காலியிலிருந்து எழவும் 90 டிகிரியாவது வேண்டும்.

தலையணைக்கு வருகிறேன். லேசாக மடங்கியிருந்தால் வீங்கிய மூட்டுக்குள் அழுத்தம் குறையும், அம்மா சொல்கிற சுகம் நிஜம்தான். ஆனால் ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தால் கால் முழுசாக நீளாமல் போய்விடும், அதோடு நடந்தால் விந்தி விந்தித்தான் நடக்கணும். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பகலில் ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கடியில் வைத்துப் பாருங்கள், முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவே உங்கள் கை நுழையும். அந்தக் கையை நசுக்குகிற மாதிரி முட்டியைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்தச் சொல்லுங்கள். முதல் நாள் கையில் ஒன்றுமே தெரியாது. நாள் போகப்போக அழுத்தம் கூடுவதை நீங்களே உணர்வீர்கள், அதை அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்கு அது பெரிய தெம்பு.

வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், 15 நிமிடம். பயிற்சியில் இழுக்கிற வலி சற்று நேரத்தில் அடங்கினால் பயமில்லை. மறுநாள் காலையிலும் வலியும் வீக்கமும் கூடியே இருந்தால், அளவைக் குறைக்கும்படி பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் இடத்தில் நீர் கசிந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.